கண் திறக்கும் நிழற்குடை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றும் சுவர் ஓரத்தில்தான் நின்றேன். முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான். பின்னால் காம்பவுண்ட் சுவர், முன்னால் ஒரகடம் போகிற லாரிகள், நடுவில் கும்மிருட்டு. செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். நாலு எட்டு வைத்தால் பெஞ்சும் கூரையுமாகப் புத்தம்புது நிழற்குடை. ஒருத்திகூட அதில் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்தால் ப்ரியா காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ரகுவின் தங்கை, என் நாத்தனார். வண்டி பிரேக்குக்கு ரப்பர் ஹோஸ் செய்கிற கம்பெனியில் என்னோடு வேலை. முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்திருக்கிறார்கள். "வலிக்குதா?" என்றால் "இல்ல அண்ணி" என்கிறாள். முகத்தைப் பார்த்தால் தெரியாதா எனக்கு?

நடந்ததை எழுதி வைக்கிறேன், யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஒரு பல்பு கம்பெனிக்காகச் சென்னை விளம்பரக்காரர்கள் கட்டிய நிழற்குடை அது. கூரைக்கு மேலே ஆளுயரத்துக்கு ஒரு பெண் முகம். மஞ்சள் நிறம், சிவப்புப் பொட்டு, சாலையைப் பார்த்த பெரிய கண்கள். உள்ளே யாராவது ஏறி நின்றால் தரைப் பலகை அமுங்கி, அந்தக் கண் இரண்டும் விளக்காக எரியும். சாலை முழுக்க வெளிச்சம் வரும். ஆள் இல்லாவிட்டால் எரியாது. விடியலுக்கு முன் தனியாக நிற்கும் பெண்களைக் காக்கும் கண் என்று பெயர் வேறு.

திறந்த நாள் ஆடி வெள்ளி! எங்கள் எச்.ஆர். மேனேஜர் வரதராஜன் சார், பெண்கள் கூட்டம் சேரும் என்று பார்த்து வைத்த நாள். கற்பூரத் தட்டோடு அவர் ஏறினார், கண் திறந்தது. கூழ் ஊற்றிவிட்டு மஞ்சள் சேலையில் வந்து நின்றவர்களுக்கு அது யாராகத் தெரியும்? செங்கமலம் அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து செருப்பு வெளியே. மாதவிலக்கு நாளில் யாரும் ஏறுவதில்லை. ஞானம்மா அக்கா மாதிரி கிறிஸ்தவப் பெண்கள் எந்த நாளும் ஏறுவதில்லை. மற்றவர்கள் ஏறிக் கும்பிட்டுவிட்டு உடனே இறங்கிவிடுகிறார்கள். சாமிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து காலாட்ட முடியுமா? ஆள் இல்லை, அதனால் கண் எரிவதில்லை. போதாததற்கு, விளம்பரப் படம் எடுக்கும்போது கண் பளிச்சென்று தெரியவேண்டும் என்று அங்கே இருந்த பழைய தெருவிளக்கையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடிபட்ட அன்று ப்ரியாவுக்கு விலக்கு. நிழற்குடைப் பக்கமே வரக்கூடாது என்று சுவரையும் தாண்டித் தள்ளிப் போய் நின்றிருக்கிறாள். ரிவர்ஸ் எடுத்த தண்ணி லாரிக்காரனுக்கு இருட்டில் ஆள் தெரியவில்லை. எனக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட்.

சரி, இவ்வளவு பேசுகிறேனே, இன்று நான் ஏறினேனா? இல்லை. எனக்கும் பயம்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வரதராஜன் சாரைப் பார்த்தேன். முகத்தை எடுங்கள், இல்லை பழைய விளக்கையாவது திரும்பப் போடுங்கள் என்று கேட்டேன்.

"ஏம்மா, அது ஒரு இன்டர்நேஷனல் விளம்பரத் திருவிழாவுல போட்டிக்குப் போயிருக்கு. ஜூரி எப்ப வேணா ஆள அனுப்பிப் பார்ப்பாங்களாம். படத்துல இருக்கற மாதிரியே இருக்கணும். செப்டம்பர் முடியட்டும்."

அதுவரை நாங்கள் எங்கே நிற்பது சார் என்றேன். "ஜாக்கிரதையா நில்லுங்கம்மா" என்கிறார். இதைச் சொல்ல ஒரு மேனேஜர், ஒரு ஏ.சி. ரூம்.

ஆகஸ்ட் 30, சனி

விளம்பரக் கம்பெனியின் பெரிய மூளை நேரில் வந்தார். பிரசன்னா. நிழற்குடை அவருடைய யோசனையாம். திருவிழா கோவளம் பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலில் மூன்று நாள் நடக்கிறது; உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் வந்து பேசுவார்கள்; கடைசி நாள் இவர் பேச்சு. "நிஜமான ஒரு வாய்ஸ் மேடையில வேணும். நீங்கதான் இசை."

இசையாம். என் பெயர் இசைவாணி. பாதியை அவரே வெட்டிவிட்டார்.

ப்ரியா கதையைச் சொன்னேன். முகம் மாறியது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். "ஐயோ" என்றார். பிறகு போனைப் பார்த்தார். வருகிறேன், ஆனால் அதற்கு முன் தெருவிளக்கு திரும்ப வரவேண்டும் என்றேன். "டெஃபனெட்லி. என் பொறுப்பு."

ரகு இரவுச் சாப்பாட்டின்போது சொன்னது: "அவன் உன்ன வெச்சிப் பொம்மலாட்டம் காட்டப் போறான். நீயும் போய் ஆடிட்டு வா." எனக்குக் கோபம் வந்து குழம்புச் சட்டியை டங்கென்று வைத்தேன். சொன்னது பொய் என்று தோன்றியிருந்தால் கோபம் வந்திருக்காது.

செப்டம்பர் 15, திங்கள்

விளக்கு வரவில்லை. பிரசன்னாவுக்குப் போன் போட்டால் "ஆன் த வே இசை" என்கிறார். விளக்கு நடந்தா வருகிறது?

செப்டம்பர் 17, புதன்

முதல் நாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கார் வைத்துக் கூட்டிப் போனார்கள். கழுத்தில் மாட்டிய அட்டையில் என் பெயருக்குக் கீழே 'கம்யூனிட்டி' என்று போட்டிருந்தது. மற்றவர்கள் அட்டையில் வேலை போட்டிருக்கிறது. நான் ஏழு வருடமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டர், அது போடக்கூடாதா?

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். டிப்ளமோ படித்தவள், ஆங்கிலம் கேட்டால் புரியும், பேசப் போனால்தான் நாக்கு இழுக்கும். ஒருவர் ஒரு பிஸ்கட் எப்படி மக்களின் தனிமையைப் போக்கியது என்று முக்கால் மணி நேரம் பேசினார். அடுத்தவர் ஷாம்பு. அதற்கடுத்தவர் இன்ஷூரன்ஸ். மேடை ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு அம்மா இருக்கிறாள், அவள் கஷ்டப்பட்டிருக்கிறாள், அந்தக் கஷ்டத்திலிருந்து ஒரு பொருள் விற்பனைக்கு வருகிறது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

மாலையில் ஒருவர் பெரிய திரையில் கோடு போட்டுக் காட்டினார். விளம்பரம் பார்ப்பவர்களின் உடம்பில் ஒயர் மாட்டி, எந்த நொடியில் அழுகிறார்கள் என்று அளந்தார்களாம். கோடு உச்சிக்குப் போன இடத்தில் கம்பெனி பெயரைக் காட்டினால் மறக்கவே மறக்காதாம். நாங்கள் ஹோஸில் பிரஷர் ஏற்றி ஏற்றி எங்கே வெடிக்கிறது என்று பார்ப்போமே, அப்படி. எங்களிடம் வெடிப்பது ரப்பர். பக்கத்துச் சீட்டுக்காரர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அந்தக் கோபம் தனி.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று ஒரே ஒரு பேச்சுக்கு மனசாரக் கைதட்டினேன். பிரேசிலிலிருந்து வந்த ஒரு அம்மா, நரைத்த தலை, சாதாரணச் செருப்பு. மீனவர் குப்பம் ஒன்றில் அழகான சின்ன நூலகம் கட்டிக் கொடுத்து, படம் எடுத்து, பரிசும் வாங்கியிருக்கிறார். ஒரு வருடம் கழித்து யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்தால் உள்ளே மீன் காய்கிறது. புத்தக அலமாரி முழுக்கக் கருவாடு! அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அவர்களுக்கு வேண்டியது காற்றோட்டமான இடம். நாங்கள் கேட்கவே இல்லை" என்றார்.

மத்தியானம் பிரசன்னாவைப் பிடித்துக்கொண்டேன். "அந்த நிழற்குடையக் கடைசியா எப்ப சார் பார்த்தீங்க? விடியறதுக்கு முன்னாடி எப்பவாவது வந்தீங்களா?"

"ஷூட் டைம்ல இசை. அப்புறம் எடிட், என்ட்ரி, இதுலயே போயிடுச்சு."

விளக்கு? "நாளைக்கு நீங்க பேசி முடிங்க. மறுநாளே லைட் மாட்ட ஆள் ஏறிடும்." சொல்ல வேண்டிய இரண்டு வரியை ஒரு துண்டுத்தாளில் அடித்துக் கையில் கொடுத்தார். 'இப்போது நாங்கள் பயமில்லாமல் நிற்கிறோம். இந்தக் கண் எங்களைத் தாய் போல் பார்த்துக்கொள்கிறது.'

தாயாம்! எந்தத் தாய்டா மூணு நாள் தள்ளி நில்லுன்னு பெத்த பொண்ண லாரிக்கு அடியில தள்ளுவா?

அவரிடம் இதைச் சொல்லவில்லை. விளக்கு வரவேண்டுமே. வரவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு புளிச்ச கேக்கைத் தின்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் படம் போட்டார்கள். எங்கள் ஊர் விடியல், எங்கள் பஸ், எங்கள் சாலை. எல்லாம் அழகு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கண் திறக்கிறது, வெளிச்சம் பாய்கிறது, ப்ரியா சிரித்துக்கொண்டே ஓடி வந்து நிழற்குடையில் ஏறுகிறாள். இரண்டு காலால் ஓடி வருகிறாள். உடனே எழுத்து வந்தது, ஆங்கிலத்தில்: அதன் பிறகு இந்த இடத்தில் ஒரு விபத்துகூட இல்லை.

ஒரு விபத்துகூட இல்லை.

ப்ரியா கதையை நான் சொல்ல நேரில் கேட்டவர். ஐயோ என்றவர். அவர்தான் பக்கத்தில் சிரித்த முகத்தோடு நின்று என் கையில் மைக்கைக் கொடுக்கிறார். துண்டுத்தாள் எங்கே போனது என்று தெரியவில்லை. தமிழிலேயே பேசினேன். பேசினேன் என்றால், கத்தினேன்.

"பொய்! அந்தப் படத்துல ஓடி வர்ற பொண்ணு என் நாத்தனாரு. இன்னிக்கு வூட்ல படுத்துக்கினு கீறா, கால்ல பிளேட்டு. உங்க கண்ணு தொறக்கல. அதச் சாமி ஆக்கிட்டாங்க, பீரியட்ஸ் வந்த பொண்ணு ஏற முடியாது, வேற மதக்காரங்க ஏற முடியாது, யாருமே நிக்கறதில்ல. இருந்த ஒரு லைட்டையும் நீங்கதான் கழட்டினு போனீங்க!"

பிரசன்னா மைக்கை வாங்கி மொழிபெயர்த்தார். எங்களுக்கு இது வெறும் நிழற்குடை அல்ல, கோயில் ஆகிவிட்டதாம். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வணங்குகிறார்களாம். எனக்கு உணர்ச்சியில் பேச்சு வரவில்லையாம்.

நான் கிட்டே போய் அவர் கையிலிருந்த மைக்கிலேயே சொன்னேன். "நோ! ஐ ஆம் நாட் டெல்லிங் தட். மை சிஸ்டர் இன் லா லெக் ப்ரோக்கன். தேர் இஸ் நோ லைட். ஹி ரிமூவ்டு த லைட்."

முன்வரிசை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சரி, இப்போதாவது யாராவது அவரைக் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தேன். எங்கோ ஒருவர் கைதட்டினார். பிறகு இன்னொருவர். பிறகு மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு! பிஸ்கட்டுக்குத் தட்டியது போலவே தட்டினார்கள். பிரசன்னா நெஞ்சில் கை வைத்து, இப்படிப்பட்ட உண்மைக் குரல்களுக்கு மேடை தருவதற்குத்தான் நாங்கள் வேலை செய்கிறோம் என்று முடித்தார்.

கீழே இறங்கியதும் ஒரு வெள்ளைக்காரப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து செல்பி எடுத்துக்கொண்டாள். விளக்கைப் பற்றி அவளும் கேட்கவில்லை. அந்த பிரேசில் அம்மாவைத் தேடினேன். காலையிலேயே ஊருக்குப் போய்விட்டாராம்.

திரும்பி வரும்போது காரில் டிரைவர் கேட்டார், "இன்னாக்கா, ஃபங்ஷன் நல்லா இருந்துச்சா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

செப்டம்பர் 20, சனி

வெண்கலப் பரிசு கிடைத்துவிட்டதாம். 'யூ வேர் ஃபயர் இசை' என்று பிரசன்னா மெசேஜ் அனுப்பியிருக்கிறார். நான் நெருப்பாம். என் வாயில் வந்ததை இங்கே எழுதினால் நோட்டுக்கே ஆகாது.

செப்டம்பர் 24, புதன்

பரிசின் போட்டோ எங்கள் கம்பெனி வாசலில் மாலையோடு தொங்குகிறது. வரதராஜன் சார், "திருவிழா முடிஞ்சிடுச்சு, இனி முகத்த எடுத்துக்கலாம்மா, எனக்கு ஆட்சேபணையே இல்ல" என்றார். பெரிய மனசு. தெருவிளக்கு? அது பஞ்சாயத்து விஷயமாம், எழுதிப் போட்டிருக்கிறாராம்.

மெயின்டனன்ஸ் மோகன் ஏணியோடு வந்தார். அதற்குள் செங்கமலம் அக்கா ஏணிக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டார். அவரும் எங்கள் கம்பெனியில் காண்டிராக்டில் கூட்டிப் பெருக்கியவர்தான். ஆள் குறைத்தபோது நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கேயே பூவும் சூடமும் விற்கிறார்.

"எவன் வந்து என் ஆத்தா மூஞ்சில கைய வெக்கிறான்னு பாக்கறேன்!"

மோகன் ஏணியில் இரண்டு படி ஏறினார். அண்ணாந்து முகத்தைப் பார்த்தார். இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

"அக்கா, ப்ரியா கால் போச்சே, அப்ப உங்க ஆத்தா இன்னா பண்ணிக்கினு இருந்தா?" என்று கேட்டேன்.

"அது லாரிக்காரன் குத்தம். ஆத்தாவ ஏண்டி இழுக்கற? கம்பெனி என்னத் தொரத்துச்சி, ஆத்தாதான் எனக்குச் சோறு போடறா. உனக்கு இன்னா, மாசமானா சம்பளம் வருது, ஸ்டேஜ்ல ஏறிப் பேசற!"

திட்ட வாய் திறந்தேன். அவர் சொன்ன சோற்றுக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது. சுவர் ஓரம் போய் நின்றேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ப்ரியா கம்பு பிடித்து வாசல்வரை நடந்தாள். நவம்பரில் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் செத்துப்போய்க் கிடக்கிறது.

"அண்ணி, எனக்கு மறுபடி பீரியட்ஸ் வந்தா எங்க போய் நிப்பேன்?"

மூன்று நாள் ஓட்டலில் உட்கார்ந்து உலகத்துப் பேச்செல்லாம் கேட்டுவிட்டு வந்தேன். இவள் கேட்ட ஒரே கேள்விக்கு, "பாத்துக்கலாம் விடு" என்றேன். சொல்லும்போதே வரதராஜன் சார் குரல் மாதிரி இருந்தது. சீ!

அக்டோபர் 7, செவ்வாய்

ஏறிவிட்டேன்.

இன்று எனக்கு விலக்கு, இரண்டாம் நாள். வேண்டுமென்றேதான் இன்று. செருப்பைக் கழற்றவில்லை. பலகை அமுங்கியதும் தலைக்கு மேலே கண் திறந்துகொண்டது. சாலையெல்லாம் வெளிச்சம். சுவர் ஓரத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேர் முகமும் தெரிந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு.

செங்கமலம் அக்கா பூக்கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அடியே, செருப்போட ஏறிக்கினு... எறங்குடி கீழ!"

"செருப்பு மட்டும் இல்லக்கா, எனக்கு இன்னிக்கு பீரியட்ஸும்தான். அங்க போய் நின்னு லாரில அடிபட மாட்டேன். உங்க ஆத்தாவும் பொம்பளதானே? அவளுக்கு இல்லாத பீரியட்ஸா?"

சொல்லிவிட்டேன். எனக்கே பகீரென்றது. அக்கா மண்ணை வாரித் தூற்றினார். பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒரகடம் வரைக்கும் சீட்டு முழுக்க எனக்கே.

அக்டோபர் 8, புதன்

இன்றும் ஏறினேன். இன்றும் நான் மட்டும். பயந்தாங்கொள்ளிகள்.

அக்டோபர் 13, திங்கள்

எந்த நேரத்தில் வரவேண்டும், எந்த நேரத்தில் வந்தது பார்! ரகுவுக்கு மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, பீளை கட்டி, காலையில் திறக்க முடியவில்லை.

ஊருக்கு இது போதாதா? எங்கள் பிள்ளைப்பாக்கம் முழுக்க ஒரே பேச்சு. கண் சாமியிடம் வம்பு வைத்தாள், புருஷன் கண்ணைப் பிடித்துவிட்டது. ரேஷன் கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். இதில் ரகுவே மெதுவாக ஆரம்பிக்கிறார். "நம்பறேன்னு இல்ல வாணி. ஒரே ஒரு தேங்கா ஒடச்சிட்டு வந்துடேன். எதுக்கு வம்பு?"

"உங்க தங்கச்சி கால் ஒடஞ்சப்போ அந்தத் தேங்காய எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். சொட்டு மருந்தை நான்தான் ஊற்றினேன், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

ராத்திரி படுத்தபின் எனக்கும் தோன்றியது: ஒருவேளை? தோன்றியதற்காக என் மேலேயே கோபம்.

அக்டோபர் 17, வெள்ளி

லைனில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி! இன்ஸ்பெக்ஷன் டேபிளில் நாலு பேருக்கு லீவு. ஞானம்மா அக்காவுக்கும் வந்துவிட்டது. அந்த நிழற்குடைப் பக்கம் காலே வைக்காதவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "எனக்கு எந்தச் சாமி குத்தம்டி இது?" என்று கேன்டீனில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், என்னோடு பேசாமல் இருந்தவர்கள் உட்பட.

திரும்பி வரும்போது பார்க்கிறேன், செங்கமலம் அக்கா பூக்கூடைக்குப் பின்னால் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேராகப் போய் நின்றேன்.

"உங்களுக்கு எப்படிக்கா வந்துச்சி? நீங்க செருப்பக்கூடக் கழட்டிட்டுத்தானே ஏறுவீங்க?"

"போடி அந்தாண்ட. கண்ணு எரியுது, இவ வேற வந்துட்டா வக்கீலு மாதிரி."

கையிலிருந்த சொட்டு மருந்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நன்றி கின்றி ஒன்றும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. விடியலில் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. நான் மட்டும் நனையாமல் உள்ளே நிற்கிறேன். எதிரே சுவர் ஓரத்தில் அத்தனை பேரும் ஒரு துப்பட்டாவுக்குக் கீழே மூன்று தலை என்று நிற்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "எவ செத்தா உங்களுக்குப் புத்தி வரும்?" என்று மழையை மீறிக் கத்தினேன்.

ஞானம்மா அக்காதான் முதலில் வந்தார். "பாஸ்டர் கேட்டா மழைக்கு ஒதுங்கினேன்னு சொல்லிக்கறேன்" என்று முனகிக்கொண்டே ஏறி, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் அசெம்பிளி பெண்கள் இரண்டு பேர். செருப்பைக் கழற்றக் குனிந்தார்கள். கழற்றினால் மழையில் போய்விடும் என்று போட்டுக்கொண்டே ஏறினார்கள்.

செங்கமலம் அக்கா வெளியே தார்பாய்க்கு அடியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வரும் நேரத்தில் தார்பாய் பிய்த்துக்கொண்டு போனது. பூக்கூடையைத் தூக்கி உள்ளே நீட்டினார். "இதப் புடிங்கடி. நனஞ்சா எவ வாங்குவா?" பிடித்தோம். அவர் மட்டும் வெளியிலேயே நனைந்துகொண்டு நின்றார். கூப்பிட்டும் வரவில்லை.

அக்டோபர் 29, புதன்

பிரசன்னா போன் செய்தார். வரதராஜன் சார் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நான் விலக்கு நாளில் ஏறியது 'மைண்ட் ப்ளோயிங்'காம். அதையே மறுபடி நடித்துக் காட்டினால் இரண்டாம் படம் எடுக்கலாமாம், அடுத்த வருடத் திருவிழாவுக்கு. ஒரு நாப்கின் கம்பெனி ரெடியாக இருக்கிறதாம். நிஜ மழை கிடைக்காவிட்டால் பரவாயில்லை, லாரி வைத்து மழை பெய்ய வைத்துக்கொள்ளலாமாம். தண்ணி லாரி!

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. என்ன திட்டினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. கடைசியில் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "மொதல்ல வந்து கழட்டினு போன லைட்ட மாட்டுங்க. அப்புறம் பேசலாம்."

"ஷ்யூர், டீமோட பேசிட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 3, திங்கள்

ப்ரியா இன்று வேலைக்கு வந்தாள். ரகு வண்டியில் கொண்டுவந்து விட்டார். வண்டியை விட்டு இறங்கியவள், அந்த லாரி திரும்பிய இடத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நான் உள்ளே இருந்து கூப்பிட்டேன். வரவில்லை. என் காதருகில் சொல்ல வேண்டும் என்று சைகை காட்டினாள். இறங்கிப் போனேன்.

"அண்ணி, இன்னிக்குத்தான் வந்துச்சி. நான் அங்கயே நின்னுக்கறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில்தான். வாய் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து ஞானம்மா அக்கா குரல். "இன்னாடி அங்க ரகசியம்? கம்பப் புடிச்சிக்கினு எத்தினி நேரம் நிப்ப, வந்து குந்து!" உட்கார்ந்திருந்த பெண் எழுந்துகொண்டாள். ப்ரியா செங்கமலம் அக்காவைப் பார்த்தாள். அக்கா பூக்கட்டுவதிலேயே குறியாக இருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

ப்ரியா ஏறினாள். செருப்போடுதான்.

நவம்பர் 18, செவ்வாய்

அலாரம் அடிக்காமல் தூங்கிவிட்டேன். ப்ரியா எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருக்கிறாள், எழுப்பித் தொலைத்திருக்கக் கூடாதா? மழை வேறு. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். திருப்பத்திலேயே தெரிந்தது, இரண்டு கண்ணும் எரிகிறது, சாலை பளிச்சென்று கிடக்கிறது.

போய்ப் பார்த்தால் உள்ளே கால் வைக்க இடம் இல்லை. ஞானம்மா அக்கா செருப்புக் காலை மடித்துப் பெஞ்சில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மீதிப் பாதியில் செங்கமலம் அக்காவின் பூக்கூடை, அதற்குப் பக்கத்தில் செங்கமலம் அக்கா. ப்ரியா மூலையில் சாய்ந்து நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். "கொஞ்சம் நவுருங்கடி" என்றேன். "எடம் எங்க கீது? சீக்கிரம் வந்திருக்கணும்" என்றார் செங்கமலம் அக்கா. ஒருத்திகூட நகரவில்லை. பஸ் வரும்வரை வெளியே நின்று நனைந்தேன்.

இருக்கட்டும். நாளைக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்கிறேன், யார் எனக்கு இடம் இல்லை என்கிறார்கள் பார்ப்போம்.